வேர்க் குழலில் புகும் நுண் அரம்

பல்வலி தாங்க இயலாமல் மருத்துவமனைக்கு வருவோரில் பலர், பல்லைப் பிடுங்கிவிடுமாறே மருத்துவரை வேண்டுகின்றனர். வலிக்கு முடிவு காண அதுவே வழி என்பது நெடுங்காலமாக மக்கள் மனத்தில் ஊன்றிய எண்ணம். ஆனால் இத்தகைய வலி பெரும்பாலும் பல் முழுவதிலிருந்தும் எழுவதன்று. அதன் நடுவே ஒரு நுண்ணிய குழலில் அடங்கிக் கிடக்கும் சிறிதளவு மென்மையான திசுவிலிருந்தே எழுகிறது. நோயுற்ற அத்திசுவை அகற்றி, குழலைத் துப்புரவு செய்து, இடைவெளியின்றி அடைத்துவிட்டால் பல்லை அதன் இடத்திலேயே பல்லாண்டுகள் வைத்துக் காக்க இயலும். இதுவே வேர்க் குழல் சிகிச்சை எனப்படும். நகரங்களில் இதனை 'ரூட் கெனால்' என்ற பெயரால் மக்கள் அறிவர்.

இச்சிகிச்சையின் வெற்றி பெரிதும் ஒரு சிறு கருவியைச் சார்ந்துள்ளது. அது இரு விரல்களால் பிடிப்பதற்குரிய பிடி பொருத்திய மெல்லிய உலோகக் கம்பியே ஆகும். கம்பியின் கடைசி 16 மில்லிமீட்டர் நீளத்தில் திருகு வடிவான வெட்டு விளிம்புகள் அமைந்திருக்கும். மிகச் சிறிய கருவியின் நுனி, தலைமயிரின் பருமனையே ஒத்தது. பல் மருத்துவர்கள் இதனை 'ஃபைல்' என்று அழைப்பர். கொல்லன் பட்டறையில் அரம் இரும்பை அராவுவது போலவே இதுவும் குழலின் சுவரை அராவுகிறது. ஆகவே இதனை வேர் அரம் என்று குறிப்பிடுவது பொருந்தும். இந்த அரத்துக்கு இரண்டு பண்புகள் இன்றியமையாதவை. ஒன்று, அதன் பருமன் இவ்வளவு என்று திட்டமாகத் தெரிந்திருத்தல். மற்றொன்று, குழல் வளையும் வழியே தானும் வளைந்து செல்லுதல். இவ்விரண்டும் கைகூட ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பல்லின் உள்ளமைப்பு

வாயில் வெளியே தெரியும் பல்லின் பகுதியை எனாமல் என்னும் கடினமான உறை மூடியுள்ளது. உடலிலுள்ள பொருள்கள் யாவற்றிலும் கடினமானது இதுவே. அதன் உட்புறம் டென்டைன் என்னும் பொருள் உள்ளது. டென்டைனின் நடுவேயுள்ள அறையில் பற்கூழ் நிறைந்திருக்கும். இரத்த நாளங்களும் நரம்புகளும் செறிந்த இப்பற்கூழ், வேரின் நடுவே செல்லும் குழல் வழியாக இறங்கி, வேர் நுனியிலுள்ள சிறு துளையின் வாயிலாகத் தாடை எலும்பிலுள்ள நாளங்களோடு இணைகிறது.

மேல் வரிசை முன்பற்களுக்குப் பொதுவாக ஒரு வேரும் ஒரு குழலும் உண்டு. கீழ்த் தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்களும் வழக்கமாக மூன்று குழல்களும் இருக்கும். மேல் தாடையிலுள்ள அதே பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு. குழல்களோ பல சமயங்களில் நான்கு. இவை நேரான, வட்டமான குழாய்கள் என்று எண்ணுதல் தவறு. சில குழல்கள் நாடாவைப் போல் தட்டையானவை. சில, நுனியருகே கொக்கி போல் வளைபவை. சில, பிரிந்து மீண்டும் கூடுபவை. சூரிச் நகரைச் சேர்ந்த வால்ட்டர் ஹெஸ் என்பவர், ஆயிரக்கணக்கான பற்களின் குழல்களுள் ரப்பரைச் செலுத்தி, பின் பல்லைக் கரைத்து நீக்கி, எஞ்சிய ரப்பர் அச்சுகளை ஆராய்ந்தார். 1925ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய ஆய்வு, குழல்களின் கிளைகளும் வளைவுகளும் எத்தகையவை என்பதைப் பல் மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

வலியும் அதன் ஏமாற்றும்

சொத்தை எனாமலைத் துளைத்து டென்டைனைக் கடந்து பற்கூழை எட்டும்போது, அங்கே அழற்சி உண்டாகிறது. உடலில் வேறெங்கும் அழற்சி ஏற்பட்டால் அவ்விடம் வீங்கும். பற்கூழைச் சுற்றியுள்ள சுவர்களோ சிறிதும் விரிந்து கொடாதவை. எனவே உள்ளே அழுத்தம் மிகுகிறது. நரம்பு நெருக்குண்டு கடும் வலி தோன்றுகிறது. படுத்த நிலையில் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் வலி அதிகரிக்கிறது. காலப்போக்கில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பற்கூழ் இறந்துவிடுகிறது. அப்போது வலியும் நின்றுவிடக்கூடும்.

வலி நின்றதும் நோய் தீர்ந்தது என்று பலர் நிம்மதி அடைகின்றனர். உண்மையில் நோயின் அடுத்த கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. இறந்த பற்கூழ் நுண்கிருமிகளுக்கு உணவாகிறது. இரத்த ஓட்டம் அற்ற குழலினுள் உடலின் தற்காப்பு அணுக்கள் செல்ல இயலா. வாயால் உட்கொள்ளும் மருந்தும் போதிய அளவில் சென்று சேராது. கிருமிகளின் நச்சுப் பொருள்கள் வேர் நுனித் துளையின் வழியே கசிந்து, அருகிலுள்ள எலும்பு கரைகிறது, சீழ் கட்டுகிறது, கன்னமும் தாடையும் வீங்குகின்றன. சில வேளைகளில் இவ்வீக்கம் கழுத்துக்குப் பரவி, மூச்சுவிடுவதற்கே இடையூறாகி, உயிருக்கு ஆபத்தை விளைவிப்பதும் உண்டு.

இந்நோய்க்கு மூலம் கிருமிகளே என்பதை 1965ஆம் ஆண்டில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தெளிவாக நிறுவினர். இரு வகை எலிகளின் பற்களில் அவர்கள் துளையிட்டுப் பற்கூழை வெளிப்படுத்தினர். சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளுக்குப் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, உணவுத் துணுக்குகள் துளையில் சிக்கியிருந்த போதிலும் பற்கூழ் அழியவில்லை. காயத்தின் மீது புதிய டென்டைன் படர்ந்து மூடியது. ஆகவே, வேர்க் குழல் சிகிச்சையின் நோக்கம் நரம்பை எடுப்பது மட்டுமன்று. கிருமிகளை வெளியேற்றி, அவை மீண்டும் புகாவண்ணம் குழலை அடைப்பதே அதன் உண்மையான நோக்கம்.

கடிகாரச் சுருளிலிருந்து தோன்றிய கருவி

1838ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவரான மேனார்டு என்பவர், கடிகாரத்தின் சுருள்வில்லை அராவி மெலிதாக்கி, குழலினுள் செலுத்தத்தக்க கருவியொன்றைச் செய்தார். வேர்க் குழலுக்கென்று அமைந்த முதல் கருவியாக இதனையே வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கடிகார வில் எஃகால் ஆனது, மெல்லியது, வளைந்து மீளும் தன்மை உடையது. இக்கருவிக்கு எத்தகைய பொருள் வேண்டும் என்பதை மேனார்டின் தேர்வு அன்றே சுட்டிக்காட்டிவிட்டது எனலாம்.

ஆயினும் இச்சிகிச்சையின் வளர்ச்சி இடையில் ஒரு பெருந்தடையைச் சந்தித்தது. 1910ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அழுகிய வேர்களின் மீது பொன் மூடிகளைப் பொருத்தும் வழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். பல்லில் உறையும் கிருமிகள் உடலின் பிற உறுப்புகளில் நோய் விளைவிக்கின்றன என்ற கொள்கை அதன்பின் வேகமாகப் பரவியது. அதன் பயனாக, பற்கூழ் இறந்த பற்கள் மட்டுமன்றி, ஐயத்துக்குரிய பற்களும் பல பத்தாண்டுகள் பெருந்தொகையில் பிடுங்கப்பட்டன. எக்ஸ் கதிர்ப் படங்களும் கிருமியியல் ஆராய்ச்சியும் முன்னேறிய பிறகே, செவ்வனே துப்புரவு செய்து அடைக்கப்பட்ட பல்லை அஞ்சி அகற்றத் தேவையில்லை என்பது நிலைபெற்றது.

அரங்களின் வகைகள்

கையால் இயக்கும் கருவிகளுள் நான்கு வகைகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, முள் கம்பி. இதன் பக்கங்களில் நுண்ணிய முட்கள் எழும்பியிருக்கும். இது குழலின் சுவரை அராவுவதற்கு உரியதன்று. பற்கூழைச் சிக்கவைத்து வெளியே இழுப்பதற்கே பயன்படுகிறது.

இரண்டாவது, ரீமர். மூன்றாவது, கெர் என்ற நிறுவனத்தின் பெயரின் முதலெழுத்தால் 'கே' அரம் எனப்படுவது. இவ்விரண்டும் ஒரே முறையில் தயாராகின்றன. வட்டமான கம்பியை முதலில் சதுரமாகவோ முக்கோணமாகவோ தேய்த்து, பின்னர் அதனை முறுக்குவர். அப்போது கம்பியின் விளிம்புகள் திருகு வடிவில் சுற்றி வெட்டு முனைகளாகின்றன. முறுக்குகள் நெருக்கமாக இருப்பது அரம், விலகியிருப்பது ரீமர். ரீமரைச் சுழற்றியே பயன்படுத்துவர். அரத்தைக் கால் சுற்று அளவுக்கு இருபுறமும் திருப்பியும், மேலும் கீழும் இழுத்தும் பயன்படுத்தலாம்.

நான்காவது, ஹெட்ஸ்ட்ராம் அரம். இது முறுக்கிச் செய்யப்படுவதன்று. வட்டக் கம்பியில் ஆழமான வெட்டுகளை எந்திரத்தால் கடைந்து செய்யப்படுகிறது. இதன் வடிவம், கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போல் தோன்றும். வெளியே இழுக்கும்போது மட்டுமே இது வெட்டும். ஆனால் மிக விரைவாக வெட்டும். ஆழமான வெட்டுகளால் நடுத்தண்டு மெலிந்திருப்பதால், இதனைக் குழலினுள் திருகினால் ஒடியும் அபாயம் உண்டு. கருவியின் அமைப்பே அதைக் கையாளும் முறையையும் வகுத்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அளவுக்கு ஓர் ஒழுங்கு

1950களின் பிற்பகுதி வரையில் வேர் அரங்களின் பருமனுக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் நிலைபெறவில்லை. 1, 2, 3 என்ற எண்கள் இருந்தன. ஆனால் ஒரு தொழிற்சாலையின் 3ஆம் எண் அரமும் மற்றொரு தொழிற்சாலையின் 3ஆம் எண் அரமும் ஒரே பருமன் உடையனவாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. அடுத்தடுத்த எண்களுக்கிடையே பருமன் எவ்வளவு கூடும் என்பதும் வரையறுக்கப்படவில்லை. குழலை அடைக்கும் பொருளின் அளவோ அரத்தின் அளவோடு பொருந்தவில்லை. கணக்கின்றிச் செய்த கதவைக் கணக்கின்றிச் செய்த நிலையில் பொருத்துவது போன்றதே அன்றைய சிகிச்சை.

1958ஆம் ஆண்டில் இங்கில், லிவைன் என்னும் இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இக்குறையை எடுத்துக்காட்டி, ஒரே சீரான அளவுமுறை தேவை என்று வற்புறுத்தினர். 1961ஆம் ஆண்டில் இங்கில் புதிய அளவுகளின்படி அமைந்த கருவிகளையும் அவற்றைக் கையாளும் முறையையும் வெளியிட்டார். நீண்ட ஆலோசனைகளுக்குப் பிறகு 1976ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதனைத் தர அளவாக ஏற்றது. பின்னர் இதே அடிப்படையில் சர்வதேசத் தர அளவும் அமைந்தது.

இவ்வளவுமுறை மிக எளியது. பள்ளி மாணவரும் கணக்கிடத்தக்கது. அரத்தின் மீதுள்ள எண், அதன் நுனியின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் குறிக்கும். 25ஆம் எண் அரத்தின் நுனி விட்டம் 0.25 மில்லிமீட்டர் ஆகும். நுனியிலிருந்து மேலே செல்லும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விட்டம் 0.02 மில்லிமீட்டர் கூடும். வெட்டும் பகுதியின் நீளம் 16 மில்லிமீட்டர். எனவே அப்பகுதியின் முடிவில் விட்டம் 0.32 மில்லிமீட்டர் கூடியிருக்கும். 25ஆம் எண் அரத்துக்கு அது 0.57 மில்லிமீட்டராகும். தயாரிப்பில் 0.02 மில்லிமீட்டர் கூடுதலோ குறைவோ இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டுள்ளது.

எண்கள் 6, 8, 10 எனத் தொடங்கி, அதன்பின் 60 வரை ஐந்தைந்தாகவும், 140 வரை பத்துப் பத்தாகவும் ஏறிச் செல்கின்றன. எண்ணைப் படிக்காமலே கருவியை இனங்காணப் பிடிகளுக்கு நிறங்களும் வகுக்கப்பட்டுள்ளன. 6ஆம் எண்ணுக்கு இளஞ்சிவப்பு, 8க்குச் சாம்பல், 10க்கு ஊதா. 15 முதல் 40 வரை முறையே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. 45 முதல் அதே ஆறு நிறங்கள் மீண்டும் வருகின்றன. கருவியின் நீளம் பெரும்பாலும் 21, 25, 31 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

இவ்வொழுங்கினுள்ளும் ஒரு நுட்பம் கருதத்தக்கது. 55இலிருந்து 60க்குச் செல்லும்போது நுனியின் விட்டம் ஏறத்தாழ 9 சதவிகிதமே கூடுகிறது. 10இலிருந்து 15க்குச் செல்லும்போதோ 50 சதவிகிதம் கூடுகிறது. மேலும், ஒரே வடிவமும் ஒரே பொருளும் உடைய கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மிகும். அதாவது விட்டம் ஒன்றரை மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். எளிதாக வளைந்து சென்ற 10ஆம் எண் அரத்தை அடுத்து 15ஆம் எண் அரம் அதே வளைவில் தடுமாறுவதன் காரணம் இதுவே. இத்துன்பத்தைக் குறைக்கும் பொருட்டு 12, 17 போன்ற இடை அளவு அரங்களும் பிற்காலத்தில் தயாராயின.

சிகிச்சை நடைபெறும் முறை

முதலில் பல்லின் இடத்தை மருந்தூசியால் உணர்விழக்கச் செய்வர். பின்னர் மெல்லிய ரப்பர்த் தகடொன்றில் துளையிட்டு, அத்துளை வழியே சிகிச்சைக்குரிய பல் மட்டும் வெளியே தெரியுமாறு மாட்டுவர். நியூயார்க் நகரப் பல் மருத்துவர் பார்னம் 1864ஆம் ஆண்டில் புகுத்திய இவ்வேற்பாடு இரு வகையில் உதவுகிறது: உமிழ்நீரும் அதிலுள்ள கிருமிகளும் பல்லை அணுகா, கை தவறினால் நுண் அரம் நோயாளியின் தொண்டைக்குள் விழாது.

அடுத்து, பல்லின் மேற்புறத்தில் துளையிட்டுக் குழல்களின் வாய்களைக் காண்பர். அப்பால் தீர்மானிக்க வேண்டியது நீளம். அரம் வேர் நுனிக்கு எட்டாமல் நின்றுவிட்டால் கிருமிகள் எஞ்சும். நுனியைக் கடந்து சென்றால் எலும்பும் திசுவும் புண்படும். பொதுவாக எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் வேர் நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் உள்ளாகவே அரம் நிற்க வேண்டும். அரத்தின் தண்டில் ரப்பராலான சிறு வளையம் ஒன்றைக் கோத்து, தீர்மானித்த நீளத்தில் அதனை நிறுத்திவைப்பர். வளையம் பல்லின் மேற்புறத்தைத் தொட்டதும் அரம் மேற்கொண்டு செல்லக்கூடாது என்பது பொருள். 1962ஆம் ஆண்டில் ஜப்பானியரான சுனாடா, வேர் நுனியை எட்டிய கருவிக்கும் வாயின் மென்தோலுக்கும் இடையிலுள்ள மின்தடை, வயதோ பல்லின் வகையோ எதுவாயினும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதைக் காட்டினார். அவ்வழியில் வளர்ந்த மின் கருவிகள் இன்று நுனியின் இருப்பிடத்தை அறிவிக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படமும் மின் கருவியும் ஒன்றையொன்று சரிபார்க்கத் துணைபுரிகின்றன.

இதன்பின் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்படுகின்றன. ஒவ்வோர் அரத்துக்கும் இடையே குழலைச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலால் கழுவுவர். இக்கரைசல் கிருமிகளைக் கொல்வதோடு, இறந்த திசுவையும் கரைக்கிறது. இது வேர் நுனிக்கு வெளியே சென்றுவிட்டால் கடும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். ஆகையால் அழுத்தமின்றி மெல்லச் செலுத்துவர். அராவிய தூள் குழலின் நுனியை அடைத்துவிடாதிருக்கச் சிறிய அரத்தை அவ்வப்போது மீண்டும் உள்ளே செலுத்தி வழியைத் திறந்து வைப்பர்.

கழுவுதல் துணை வேலை என்று கருதுதல் கூடாது. 2001ஆம் ஆண்டில் நுண் எக்ஸ் கதிர்ப் படப்பிடிப்பின் துணையால் நடந்த ஓர் ஆய்வில், எவ்வகை அரத்தைப் பயன்படுத்தினாலும் குழற் சுவரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரத்தால் தீண்டப்படாமல் எஞ்சுவது தெரியவந்தது. வட்டமான கருவி, தட்டையும் கிளையுமாயுள்ள குழலின் மூலைமுடுக்குகளை எட்ட இயலாது. ஆகவே அரம் வழியைத் திறக்கிறது. அவ்வழியே செல்லும் கரைசல்தான் எஞ்சிய கிருமிகளைத் தாக்குகிறது. ஒன்றின்றி மற்றொன்று பயன் தராது.

இறுதியாக, குழலை அடைப்பர். இதற்கு இன்றளவும் பெரிதும் பயன்படுவது கட்டா பெர்ச்சா என்னும் பிசின் பொருள். மலேயா நாட்டு மரங்களிலிருந்து கிடைத்த இப்பொருள், ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் பயன்பட்டது. அரங்களுக்குரிய அதே எண்களில் கட்டா பெர்ச்சாக் கூம்புகளும் செய்யப்படுகின்றன. 30ஆம் எண் அரத்தால் அமைத்த குழலுக்கு 30ஆம் எண் கூம்பைத் தேர்ந்து, ஒட்டும் பசையுடன் பொருத்துவர். அளவுமுறையின் முழுப் பயனும் இங்கே வெளிப்படுகிறது.

வளைவு என்னும் இடர்ப்பாடு

எஃகு அரத்தை வளைந்த குழலினுள் செலுத்தினால், அது நிமிரவே முயலும். அவ்வாறு நிமிரும்போது வளைவின் வெளிப்புறச் சுவரை அதன் நுனி தோண்டும். முதலில் அங்கே ஒரு படி உண்டாகும். அதன்பின் எந்த அரமும் அப்படியில் முட்டி நின்றுவிடும். மேலும் அழுத்தினால் வேரின் பக்கச் சுவரே துளைபடக்கூடும். முன்கூட்டியே அரத்தைச் சற்று வளைத்துச் செலுத்துதல், மெதுவாகத் திருப்புதல் போன்ற கைமுறைகளால் தேர்ந்த மருத்துவர்கள் இதனைத் தவிர்த்தனர். எனினும் பெரிய எண் அரங்கள் அடங்கவில்லை.

இதற்கு வழி வேறொரு துறையிலிருந்து கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக் கூடத்தில் 1960ஆம் ஆண்டையொட்டி வில்லியம் பியூலர் என்பவர் நிக்கலும் டைட்டேனியமும் சேர்ந்த உலோகக் கலவை ஒன்றை ஆராய்ந்தார். அவ்வுலோகங்களின் பெயர்களையும் கூடத்தின் பெயரையும் சேர்த்து அது நிட்டினால் எனப்பட்டது. எஃகுக் கம்பியை அதன் நீளத்தில் ஒரு சதவிகிதம் அளவுக்கு இழுத்தாலே பழைய நிலைக்கு முழுதும் திரும்பாது. நிட்டினாலோ எட்டு சதவிகிதம் வரையிலும் திரிந்து மீளவல்லது. அழுத்தத்தின்கீழ் அதன் அணுக்களின் அடுக்கு வேறொரு வடிவம் கொண்டு, அழுத்தம் நீங்கியதும் பழைய அடுக்குக்குத் திரும்புவதே இதன் இரகசியம்.

1988ஆம் ஆண்டில் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் ஆகிய மூவரும், பல் சீரமைப்புக்குரிய நிட்டினால் கம்பியிலிருந்து 15ஆம் எண் அரங்களைச் செய்து சோதித்தனர். அவை எஃகு அரத்தைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு நெகிழ்ச்சி உடையனவாய் இருந்தன. முறுக்கினால் ஒடியும் தன்மையும் குறைவாயிருந்தது. முறுக்கிய வடிவம் நிலைக்காமல் மீண்டுவிடுவதால், இவ்வகை அரங்களைப் பெரும்பாலும் கடைந்தே செய்கின்றனர். இவற்றின் நெகிழ்ச்சி காரணமாக எந்திரத்தில் பொருத்தி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று என்ற வேகத்தில் வளைந்த குழலிலும் சுழற்ற முடிந்தது. விட்டம் மில்லிமீட்டருக்கு 0.04, 0.06 எனக் கூடும் அரங்களும் இதனால் சாத்தியமாயின.

ஆயினும் புதிய உலோகம் புதிய எச்சரிக்கையையும் உடன் கொண்டுவந்தது. எஃகு அரம் களைப்புறும்போது அதன் முறுக்குகள் தளர்ந்தோ நெருங்கியோ கண்ணுக்குத் தெரியும். மருத்துவர் அதை ஒதுக்கிவிடலாம். நிட்டினால் அரமோ அடையாளம் எதுவும் காட்டாமல் திடீரென ஒடியக்கூடும். வளைவில் சுழலும் கம்பியின் ஒவ்வொரு புறமும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இழுபட்டும் ஒரு முறை அழுத்தப்பட்டும் வருகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று எனில் நொடிக்கு ஐந்து முறை இது நிகழ்கிறது. மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் மாறி மாறி வளைத்தால் அது ஒடிவதை மாணவர்களுக்கு ஆசிரியர் வகுப்பிலேயே செய்துகாட்டலாம். அரம் ஒடிவதும் அவ்வாறே. அதனால்தான் ஓர் அரத்தை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு விதிக்கப்படுகிறது.

தூய்மையும் இவ்வாறே முக்கியமானது. அரத்தின் நுண்ணிய வெட்டுகளில் திசுத் துணுக்குகள் சிக்கிக்கொள்ளும். அவற்றை முதலில் நீக்காமல் நீராவிக் கொப்பரையில் இட்டால் கிருமி நீக்கம் முழுமை பெறாது. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, வேர் அரங்களை ஒரு நோயாளிக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்திக் கழிக்குமாறு அறிவுறுத்தியது.

ஆசிரியரும் களப்பணியாளரும் அறியவேண்டுவன

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஆறாம் வயதில் முளைக்கிறது. பால் பல் ஒன்றும் விழாமல், அவற்றின் பின்புறத்தில் அது தோன்றுவதால், பெற்றோர் அதனையும் பால் பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் விழட்டும், வேறு முளைக்கும் என்று இருந்துவிடுகின்றனர். அது மீண்டும் முளைக்காத பல். வாழ்நாள் முழுவதும் உணவை அரைக்கவேண்டிய அப்பல், பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே பறிபோகிறது. இதனைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் செய்யத்தக்க பெருந்தொண்டு.

அப்பல்லின் வேர் ஒன்பது, பத்து வயதில்தான் வளர்ந்து முடிகிறது. அதற்கு முன் வேர் நுனி அகன்றும் சுவர் மெலிந்தும் இருப்பதால், அரத்தால் அராவும் வழக்கமான சிகிச்சைக்கு அது ஏற்றதன்று. இயன்றவரை பற்கூழை உயிருடன் காத்து வேரை வளரவிடுவதே அங்கு மருத்துவர் நாடும் வழி. சொத்தை பற்கூழை எட்டும் முன்பே குழந்தையை மருத்துவரிடம் அனுப்புவதன் அவசியம் இதனால் விளங்கும். பால் பற்களுக்கும் வேர்க் குழல் சிகிச்சை உண்டு. ஆனால் அவற்றின் வேர்கள் காலத்தில் தாமாகவே கரையவேண்டியவை ஆதலால், கட்டா பெர்ச்சாவுக்கு மாறாக, உடலில் கரையும் பசைகளால் அவை அடைக்கப்படுகின்றன.

களப்பணியாளர் கவனிக்கவேண்டிய அடையாளங்கள் சில: இரவில் எழுப்பும் பல்வலி, சூடான பானம் பருகிய பின்பும் நெடுநேரம் நீடிக்கும் வலி, நிறம் மாறிக் கறுத்த பல், ஈறில் பரு போல் தோன்றிச் சீழ் வடியும் துளை, முன்பு வலித்துத் தானாக ஓய்ந்த பல். இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்டதை மக்கள் பொருட்படுத்துவதில்லை. அதுவே மிகுந்த கவனத்துக்குரியது. முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சலும் கண்டால், விழுங்குவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம் ஏற்பட்டால், சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். வலி மாத்திரை நோயாளிக்குத் தற்காலிக ஆறுதல் தரலாம். குழலினுள் உள்ள கிருமிகளை அது அகற்றாது. சிகிச்சைக்குப் பதிவு பெற்ற பல் மருத்துவரையே நாடவேண்டும் என்பதையும் மக்களுக்கு வலியுறுத்த வேண்டும்.

சிகிச்சையை இடையில் நிறுத்துவதும் தீங்கானது. முதல் நாளிலேயே வலி நீங்கிவிடுவதால் பலர் மறுமுறை வருவதில்லை. தற்காலிக அடைப்பு நாளடைவில் தேய்ந்து விலக, கிருமிகள் மீண்டும் குழலில் குடிபுகுகின்றன. குழல் அடைக்கப்பட்ட கடைவாய்ப் பல், சொத்தையாலும் துளையிட்டதாலும் பெரும்பகுதியை இழந்து வலுக் குன்றியிருக்கும். அதன்மீது மூடி பொருத்தாவிடில் கடிக்கும்போது பிளவுபடக்கூடும். அப்போது வேரினுள் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் பருமனை வகுத்துக்கொண்டதும், வளைந்து மீளும் உலோகத்தைக் கண்டதும் பல்லைக் காக்கும் ஆற்றலை மருத்துவருக்கு அளித்துள்ளன. ஆனால் மிகச் சிறந்த அரமும், உரிய காலத்தில் வந்து சேரும் பல்லையே காக்க வல்லது. அக்காலத்தை மக்களுக்கு உணர்த்தும் பொறுப்பு, அவர்களோடு அன்றாடம் பழகும் ஆசிரியரிடமும் களப்பணியாளரிடமும் உள்ளது.